சாட்சி நேரத்தில் அழலாமா?

1983ஆம் வருஷம், மழைக்காலம் முடிந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. சித்தூரில் நாங்கள் அப்போது போய்வந்த சபையில் பிரசங்கத்துக்கு முன்னால் ‘சாட்சி நேரம்’ என்று கால் மணி நேரம் ஒதுக்குவார்கள். கடவுள் தனக்குச் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். மகனுக்கு வேலை கிடைத்ததை ஒருவர் சொன்னார். காணாமல் போன எருமை மூன்றாம் நாள் தானாக வீடு திரும்பியதை இன்னொருவர் சொன்னார். ஒவ்வொரு சாட்சியின் முடிவிலும் சபை ஒரே குரலில் ஸ்தோத்திரம் சொன்னது.

அடுத்து என் சின்னத்தை எழுந்தாள். அவளுடைய எட்டு மாதப் பிள்ளை வயிற்றுப்போக்கில் இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு பேசினாள். “பிள்ளை போனதிலேருந்து ராத்திரியில தூக்கமே வரல. ஜெபம் பண்ண உட்கார்ந்தா ஆண்டவர் மேலதான் கோபம் வருது. மனசுக்குள்ள ஒரே இருட்டா இருக்கு. என்ன செய்யறதுன்னு தெரியல.”

ஸ்தோத்திரம் வரவில்லை. முன்வரிசையிலிருந்த மூப்பர் ஒருவர் கையைக் காட்டினார். “போதும்மா, உட்காரு. சாட்சின்னா விசுவாசத்தோட பேசணும்.” உடனே ஆர்மோனியம் ஒலித்தது, பாட்டு தொடங்கியது. சின்னத்தையைப் பெற்ற என் அவ்வா (பாட்டி) அவள் புடவையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். அப்போது எனக்குப் பத்து வயது. அத்தை பாட்டு முடியும் வரை தலையைத் தூக்கவில்லை. அந்தச் சபையில் அவள் மறுபடி சாட்சி சொல்ல எழுந்ததே இல்லை.

அந்த ஞாயிறுக்கும் இன்றைக்கும் இடையில் 40 வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. சித்தூரிலும் திருப்பதியிலும் துக்கம், கோபம், பயம், மனச்சோர்வு இவற்றை விசுவாசிகள் பார்க்கும் பார்வை மாறியிருக்கிறது. முழுதாக மாறவில்லை. ஆனால் எந்தத் திசையில் மாறுகிறது என்பது கண்ணுக்குத் தெரிகிறது. அதைத்தான் இங்கே எழுதிவைக்க நினைக்கிறேன்.

அன்று: சமாதானம் என்றால் அழுகையை நிறுத்துவது

தமிழ்க் கிறிஸ்தவர்கள் வாயில் அதிகம் புழங்கும் சொற்களில் ஒன்று ‘சமாதானம்’. மனசுக்குச் சமாதானம் வேண்டும் என்று ஜெபிக்கிறோம். ஆராதனை முடிவில் சமாதானத்தோடு போய்வாருங்கள் என்று போதகர் (நாங்கள் ஐயர் என்போம்) அனுப்பி வைக்கிறார். ஆனால் வீட்டில் அதே சொல்லுக்கு வேறு வேலை. குழந்தை அழுதால் ‘சமாதானப்படுத்து’ என்கிறோம். அழுகையை எப்படியாவது நிறுத்து என்பதுதான் அதன் பொருள். மிட்டாய் கொடுத்தாவது, பூச்சாண்டி காட்டியாவது நிறுத்து. சபையிலும் நாம் வெகுகாலம் இந்த இரண்டாவது பொருளில்தான் சமாதானத்தைப் புரிந்துகொண்டிருந்தோம். அழுகை நின்றுவிட்டால் சமாதானம் வந்துவிட்டது என்று நம்பினோம்.

இந்த மண்ணின் சபைகள் சுகமான காலத்தில் பிறந்தவை அல்ல. அமெரிக்க ஆற்காடு மிஷன் 1853இல் ஸ்கடர் சகோதரர்களால் அமைந்தது. ஆற்காடு, சித்தூர், வேலூர், பின்னர் மதனப்பள்ளி என்று அதன் நிலையங்கள் பரவின. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் இந்தப் பகுதியை உலுக்கியது. பசியோடும், பறிகொடுத்த பிள்ளைகளின் நினைவோடும், ஊரின் தீண்டாமை தந்த அவமானத்தோடும் எத்தனையோ குடும்பங்கள் சபைக்குள் வந்தன. 1911இல் வட ஆற்காட்டின் தாலுக்காக்களையும் கடப்பையின் தாலுக்காக்களையும் சேர்த்துச் சித்தூர் மாவட்டம் உருவானபோது தமிழும் தெலுங்கும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பாடின. தமிழில் ‘மனசு சரியில்ல’ என்றவர்களும் தெலுங்கில் ‘மனசு பாகலேது’ என்றவர்களும் சொன்னது ஒன்றைத்தான்.

அந்தச் சரியில்லாத மனசை இறக்கி வைக்க அவர்களுக்கு ஏற்கெனவே ஓர் இடம் இருந்தது: ஒப்பாரி. செத்தவரைப் பற்றி மட்டுமா ஒப்பாரி பேசும்? புகுந்த வீட்டில் பட்டது, பண்ணையில் பட்டது, கடவுளிடம் கேட்க வேண்டியது எல்லாம் அதில் வரும். சபைக்கு வந்த பிறகு துக்க வீட்டில் ஒப்பாரிக்குப் பதிலாக ஞானப்பாட்டு வந்தது; பறை நின்றது. நம்பிக்கை இல்லாதவர்கள்தான் அப்படி அழுவார்கள் என்று சொல்லித்தந்தார்கள். உயிர்த்தெழுதலின் நம்பிக்கையைக் காட்ட வேண்டும் என்ற நல்ல எண்ணம் அதில் இருந்ததை மறுக்கவில்லை. ஆனால் பெண்களின் கையிலிருந்த ஒரே கருவி போய்விட்டது. என் அவ்வா தாத்தாவின் சாவுக்கு வாய்விட்டு அழவில்லை. அடுப்படியில் கதவைச் சாத்திக்கொண்டு, வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதாள்.

தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவரின் வீட்டுக்கு இன்னும் பெரிய தண்டனை. இங்கிலாந்துத் திருச்சபையின் 1662ஆம் ஆண்டுப் பொது ஜெபப் புத்தகம், அப்படி இறந்தவருக்கு அடக்க ஆராதனை நடத்தக் கூடாது என்று குறித்து வைத்தது. கத்தோலிக்கத் திருச்சபையின் 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பும் பொதுவாகத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. மற்ற சபைகளிலும் அதே வழக்கத்தின் நிழல் விழுந்தது. கல்லறைத் தோட்டத்தில் வேலி ஓரமாக, மணி அடிக்காமல், சாயங்காலம் இருட்டின பிறகு செய்த அடக்கங்களைச் சின்ன வயதில் நான் பார்த்திருக்கிறேன். பெற்றவளுக்குப் பிள்ளை போன துக்கம் ஒருபக்கம். பிள்ளை நரகத்துக்குப் போய்விட்டான் என்ற பயம் மறுபக்கம்.

அன்றே இருந்த இன்னொரு முகம்

அன்றைய சபை இரக்கமே இல்லாதது என்று எழுதினால் அது பொய். மதனப்பள்ளிக்கு அருகே 1912இல் தொடங்கிய ஆரோக்கியவரம் காசநோய் சானடோரியத்தை நினைத்துப் பாருங்கள். பல மிஷன்கள் கூடி நடத்திய மருத்துவமனை அது. டென்மார்க்கிலிருந்து வந்த டாக்டர் கிறிஸ்தியன் ஃப்ரிமோத் மொல்லர் அதை வளர்த்தார். மதனப்பள்ளி அன்று சித்தூர் மாவட்டம்.

ஸ்ட்ரெப்டோமைசின் வருவதற்கு முந்தைய காலத்தில் காசநோய்க்கு மருந்து என்றால் காற்று, சத்துணவு, படுக்கை ஓய்வு. மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில். ஊரில் நோயாளிகளுடைய தட்டையும் டம்ளரையும் தனியாக வைத்தார்கள். கல்யாணப் பேச்சு நின்றது. அப்படி வந்தவர்களை அங்கே சேர்த்துக்கொண்டு, பக்கத்தில் போய்ப் பேசி, பொறுமையாகக் காத்திருந்தார்கள். நீண்ட வேதனைக்குப் பக்கத்தில் அவசரப்படாமல் உட்கார்ந்திருப்பதும் ஊழியம்தான் என்று இந்த மாவட்டம் அங்கே கற்றது. உடம்பின் நோய்க்கு அந்தப் பொறுமை கிடைத்தது. மனசின் நோய்க்கு வர வெகுநாள் ஆயிற்று.

மேடையிலும் வேதனை பேசப்பட்டது. ‘இயேசு அழைக்கிறார்’ ஊழியத்தை நடத்திய டி.ஜி.எஸ். தினகரன், 1955இல் வேலை கிடைக்காத விரக்தியில் உயிரை மாய்த்துக்கொள்ளப் போனதையும், உறவினர் ஒருவர் இடைமறித்து ஆறுதல் சொன்னதையும் கூட்டம் கூட்டமாகச் சொன்னார். 1986இல் அவருடைய மகள் ஏஞ்சல் சாலை விபத்தில் இறந்தாள். அந்தத் துக்கத்தையும் அவரும் மனைவியும் மறைக்கவில்லை. அதனால்தான் தமிழ்ச் சனங்கள், கிறிஸ்தவர்கள் மட்டுமல்ல, தங்கள் வீட்டு ரகசியங்களை எல்லாம் இன்லண்ட் லெட்டரில் எழுதி அந்த ஊழியத்துக்கு அனுப்பினார்கள். எங்கள் தெருவிலிருந்தும் அப்படிக் கடிதங்கள் போயின. உள்ளூர்ச் சபையில் சொல்ல முடியாததைச் சென்னைக்கு எழுதினார்கள்.

ஆனால் கவனித்துப் பாருங்கள்: மேடையில் சொல்லப்பட்ட எல்லா வேதனையும் முடிந்துபோன வேதனை. அழுதேன், இப்போது அழவில்லை. பயந்தேன், இப்போது பயமில்லை. இன்னும் அழுதுகொண்டிருப்பவருக்குச் சாட்சி நேரத்தில் இடம் இல்லை. என் அத்தை செய்த தப்பு அதுதான். முடிவு வருவதற்கு முன்பே எழுந்துவிட்டாள்.

கோபத்துக்கு என்ன பதில்?

துக்கத்தைவிடச் சபைக்குத் தொல்லை கொடுத்த உணர்ச்சி கோபம். ‘மன்னித்துவிடு’ என்பது யாருக்கு அதிகம் சொல்லப்பட்டது என்று யோசித்தால் புரியும். அடித்த கணவனுக்கு ஒரு புத்திமதி. அடிபட்ட மனைவிக்குப் பத்துப் புத்திமதி. தேநீர்க் கடையில் தனிக் குவளையில் குடித்துவிட்டு வந்த தலித் விசுவாசியிடம் பொறுமையாயிரு, பரலோகத்தில் பலன் உண்டு என்றார்கள். சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சாதிச் சுவர் நின்றது. அந்தக் கோபத்தைப் பாவம் என்று சொன்னபோது, அநியாயத்தைப் பார்த்த கண்ணையே மூடச் சொன்னோம்.

1980களில் அரவிந்த் பி. நிர்மல் போன்ற இறையியலாளர்கள் தலித் இறையியல் என்று பேசத் தொடங்கினார்கள். ஒடுக்கப்பட்டவனின் வேதனையிலிருந்துதான் கடவுளை அறிய வேண்டும் என்றார்கள். மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ‘பரட்டை’ தியாப்பிலஸ் அப்பாவு நாட்டார் இசையை ஆராதனைக்குள் கொண்டுவந்தார். 2005இல் அவர் மறைந்தார். அவர் வாசலைத் திறந்துவிட்ட இசை மறையவில்லை. ஒரு காலத்தில் துக்க வீட்டு வாசலில் நிறுத்தப்பட்ட பறை இன்று சில சபைகளில் பலிபீடத்துக்கு முன்னால் முழங்குகிறது. கோபத்தை விழுங்கச் சொல்லாமல் அதற்கு ஒரு தாளம் கொடுத்த வேலை அது.

பாகாயத்தில் அவ்வா கற்றது

மருத்துவப் பக்கத்திலிருந்து வந்த மாற்றமும் ஒரு கிறிஸ்தவ வீட்டிலிருந்தே வந்தது. அமெரிக்க மிஷனரி ஈ. ஸ்டான்லி ஜோன்ஸ், இந்தியாவில் ஊழியம் செய்த ஆரம்பக் காலத்தில் மனமும் உடம்பும் ஒடிந்து தவித்தவர். அவர் 1950இல் லக்னோவில் நூர் மன்சில் என்ற கிறிஸ்தவ மனநல மருத்துவ நிலையத்தை நிறுவினார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) கனடாவைச் சேர்ந்த டாக்டர் ஃப்ளாரன்ஸ் நிக்கல்ஸ் மனநலத் துறையைத் தொடங்கினார். 1957இல் வேலூரை அடுத்த பாகாயத்தில் அதன் மனநல மையம் திறந்தது. அங்கே ஒரு வழக்கம் அன்று முதல் இருக்கிறது. நோயாளியைத் தனியாக விட்டுவிட்டு வர முடியாது. குடும்பத்தில் ஒருவர் கூடவே தங்க வேண்டும், சமைத்துப் போட வேண்டும், வைத்தியத்தைக் கற்றுக்கொள்ள வேண்டும். பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்றாலே பூட்டும் மதிலும் நினைவுக்கு வந்த காலத்தில் இது பெரிய துணிச்சல்.

சின்னத்தைக்கு 1991இல் அந்த வாசல் கிடைத்தது. அதற்கு முந்தைய எட்டு வருஷத்தை நான் விரிவாக எழுத விரும்பவில்லை. ஒரு ஜெப வீட்டில் 21 நாள் உபவாசம் இருக்க வைத்தார்கள். சாத்தானின் ஆவி என்று தலையில் கைவைத்து அதட்டினார்கள். அவள் இன்னும் மெலிந்தாள், இன்னும் மௌனமானாள். கடைசியில் சித்தூர் ஸ்டேஷனில் ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி, அவ்வாதான் அவளைப் பாகாயத்துக்குக் கூட்டிப்போனாள். சித்தூரிலிருந்து வேலூர் ஏறக்குறைய 35 கிலோமீட்டர்தான். அந்தத் தூரத்தைக் கடக்க எங்கள் குடும்பத்துக்கு எட்டு வருஷம் ஆயிற்று.

அவ்வா அங்கே அத்தையோடு ஐந்து வாரம் தங்கினாள். பக்கத்து அறையில் ஆம்பூரிலிருந்து ஒரு முஸ்லிம் அம்மா தன் மகனோடு இருந்தார். இரண்டு பேரும் ஊறுகாயும் குழம்பும் மாற்றிக்கொண்டார்கள், சாயங்காலம் ஒரே திண்ணையில் உட்கார்ந்து கதை பேசினார்கள். அந்த அம்மா தொழுது முடிக்கும் வரை அவ்வா அடுப்பைப் பார்த்துக்கொள்வாள். அவ்வா ஜெபிக்கும்போது அந்த அம்மா. ‘என் மகளுக்கு மட்டும்தான் இப்படி’ என்ற எண்ணம் அந்தத் திண்ணையில் உடைந்தது என்று அவ்வா பிறகு சொன்னாள்.

வீடு திரும்பியபோது அவள் கையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் இருந்தது, நிறைய மாத்திரைகளோடு. அதை அலமாரியில் வேதாகமத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். “மருந்தை ஏன் அங்க வெக்கிறே அவ்வா?” என்று கேட்டேன். “ரெண்டும் ஒரே ஆண்டவர் குடுத்ததுதாண்டா” என்றாள். அன்று முதல் எங்கள் குடும்ப ஜெபத்தின் ஒழுங்கு மாறியது. இரவு ஒன்பது மணிக்கு அத்தை மாத்திரையைப் போட்டுக்கொள்வாள். தண்ணீர் குடித்த பிறகு ஜெபம் தொடங்கும். எழுதப் படிக்கத் தெரியாத அவ்வாவிடம் நான் கற்ற இறையியல் இதுதான்.

போதகர்களையும் இதற்குப் பழக்க வேண்டும் என்று வேலூரிலேயே சிலர் உணர்ந்தார்கள். டாக்டர் பி.ஜே. பிரசாந்தம் நெடுங்காலம் வழிநடத்திய கிறிஸ்தவ ஆலோசனை மையம், 1970களிலிருந்தே ஆலோசனைப் பயிற்சி அளித்து வருகிறது. அங்கே பயின்று வந்த ஒரு ஐயர் எங்கள் ஊர்ப் பக்கம் மாற்றலாகி வந்தபோது, துக்க வீட்டில் அவர் பத்து நிமிஷம் வாயே திறக்கவில்லை என்று சனங்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். அவர் சும்மா இருக்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் புரிந்தது.

சங்கிலியும் சட்டமும்

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, தர்காவுக்குப் பேர்போன ஏர்வாடியில் ஒரு தனியார் மனநோயாளர் விடுதியின் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் எரிந்துபோனார்கள். தர்காவின் அருளை நம்பி வந்தவர்கள் அவர்கள். இது ஒரு மதத்தின் தவறு என்று யாரும் விரல் நீட்டக் கூடாது. கிறிஸ்தவ ஜெப வீடுகளிலும் திருத்தலங்களிலும் அதே சங்கிலி இருந்தது.

அதற்காக வழிபாட்டிடங்களே வேண்டாம் என்பதும் சரியல்ல. தமிழ்நாட்டின் வேலாயுதம்பாளையம்புதூரில் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 மனநோயாளிகளை நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தைச் சேர்ந்த டாக்டர் ரகுராமும் குழுவினரும் ஆராய்ந்து 2002இல் வெளியிட்டார்கள். விசேஷச் சடங்கு எதுவும் இல்லை. அடி இல்லை, சங்கிலி இல்லை. குடும்பத்தோடு தங்கி, கோயில் வேலைகளில் கைகொடுத்தார்கள். சராசரியாக ஆறு வாரத்தில் நோயின் கடுமை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அன்பாக வைத்துக்கொள்ளும் இடமே பாதி மருந்து. மலையேறும் அலிபிரிப் படிகளில் சுமையை இறக்கிவைக்க வரும் லட்சக்கணக்கானவர்களைப் பார்த்து வளர்ந்த திருப்பதிக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சட்டமும் மாறியது. 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சை தருவது அரசின் கடமை என்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, 2024 ஜூலை 1இல் வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் இல்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் புதிய சட்டத் தொகுப்பு அதற்கு முன்பே, 1983இலேயே, அடக்க மறுப்பை நீக்கியிருந்தது. என் அத்தையை உட்காரச் சொன்ன அதே வருஷம்.

இன்று: நாற்காலியை நகர்த்திப் போட்டவர்

2021 மே மாதத்தை இந்தப் பகுதி மறக்காது. மே 10 இரவு திருப்பதி ரூயா அரசு மருத்துவமனையில் ஆக்ஸிஜன் வழங்கல் தடைப்பட்டதில், அரசுக் கணக்குப்படி 11 கோவிட் நோயாளிகள் இறந்தார்கள். ஊரெங்கும் முகம் பார்க்காத சாவுகள். அடக்க ஆராதனை செல்போன் திரையில் நடந்தது. அழக் கூட்டம் இல்லை, தொட ஆள் இல்லை. ‘விசுவாசத்தோடு இரு’ என்ற ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு அந்த வருஷத்தைக் கடக்க முடியாது என்பதைப் போதகர்களே கண்டார்கள். அவர்கள் வீடுகளிலும் சாவு நடந்திருந்தது.

போன லெந்து காலத்தில் சித்தூரில் ஒரு பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்துக்குச் சின்னத்தையோடு போயிருந்தேன். அவளுக்கு இப்போது அறுபத்தைந்து தாண்டிவிட்டது. ஜெபக் குறிப்பு கேட்டபோது ஒரு தாய் எழுந்தார். 2021இல் மகளைப் பறிகொடுத்தவர். தமிழும் தெலுங்கும் கலந்து பேசினார். தினம் ஜெபிக்கிறேன், ஆனாலும் மகளின் ஸ்கூட்டரைப் பார்த்தால் நெஞ்சு அடைக்கிறது, கடவுள் மேல் கோபம் வருகிறது, இப்படிப்பட்ட கோபம் பாவமா என்று கேட்டார்.

நான் என்னையறியாமல் அத்தையின் முகத்தைப் பார்த்தேன். யாரும் பாட்டைத் தொடங்கவில்லை. போதகரின் மனைவி ஐயரம்மா தன் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அந்தத் தாயின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். கையைப் பிடித்துக்கொண்டார். அந்தத் தாய் அழுது முடிக்கும் வரை அந்த அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். பிறகு ஐயரம்மா மூன்று கேள்வி கேட்டார். ராத்திரி தூக்கம் வருதாம்மா? சாப்பாடு இறங்குதா? உயிரோட இருக்க வேணாம்னு தோணுதா? கடைசிக் கேள்விக்கு அந்தத் தாய் தலையை அசைத்தார், சில நாள் தோணும் என்று. அடுத்த செவ்வாய்க்கிழமை ஐயரம்மாவே அவரை மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனார்.

ஆட்டோவில் திரும்பும்போது அத்தை வெகுநேரம் பேசவில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது சொன்னாள்: “அன்னிக்கு ஒருத்தராவது இப்படிப் பக்கத்துல வந்து உட்கார்ந்திருந்தா போதும்டா.”

இளையவர்களிடம் மாற்றம் இன்னும் வேகம். திருப்பதி விடுதிகளில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் ‘டிப்ரெஷன்’, ‘ஆங்க்ஸைட்டி’ என்ற சொற்களைத் தயங்காமல் சொல்கிறார்கள். வாலிபர் கூட்டத்தில் மனநல மருத்துவரை அழைத்துப் பேச வைக்கிறார்கள். சி.எம்.சி.யின் ஒரு வளாகமே இன்று சித்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. அவ்வா எட்டு வருஷம் தயங்கிய பயணத்துக்கு இன்று தயக்கம் தேவையில்லை.

ஆனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. மாத்திரையைத் தூக்கி எறி, விசுவாசித்தால் சுகம் என்று ஒலிபெருக்கியில் முழங்கும் கூட்டங்கள் இன்றும் நடக்கின்றன. பல நாள் சாப்பிட்டு வந்த மருந்தை டாக்டரைக் கேட்காமல் ஒரே நாளில் நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. ஊழியக்காரர்களின் மனச்சோர்வை யாரிடம் சொல்வது என்று அவர்களுக்கே தெரியவில்லை. ஆண்கள் அழுவதற்கு இன்னும் எந்தச் சபையிலும் பெஞ்ச் போடவில்லை. நிம்ஹான்ஸ் நடத்திய 2015–16 தேசிய மனநல ஆய்வின்படி, பெரியவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதாவது ஒரு மனநலப் பாதிப்போடு வாழ்கிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குச் சிகிச்சை கிடைப்பதில்லை. நூறு பேர் உட்காரும் சபையில் அந்தப் பத்துப் பேரும் உட்கார்ந்துதான் இருக்கிறார்கள்.

புத்தகத்திலேயே இருந்தது

இந்த மாற்றத்தை வெளியிலிருந்து வந்த நாகரிகம் என்று சிலர் குறை சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நம் வேதாகமத்தில் ஒரு புத்தகத்தின் பெயரே ‘புலம்பல்’. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் ‘புலம்பாதே’ என்று சனங்களுக்குச் சொன்னோம். 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முறையீடும் அழுகையும்தான். 88ஆம் சங்கீதம் இருட்டில் தொடங்கி இருட்டிலேயே முடிகிறது. கடைசி வரியில்கூட வெளிச்சம் வரவில்லை. இன்னும் முடிவு வராதவருக்கும் சாட்சி நேரத்தில் இடம் உண்டு என்று அந்தச் சங்கீதத்தைப் புத்தகத்தில் சேர்த்தவர்களுக்குத் தெரிந்திருந்தது.

எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து சாக வேண்டும் என்று கேட்டபோது, வந்த தூதன் பிரசங்கம் செய்யவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவிட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கியதும்தான் தவறினார்கள். லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் இயேசு கல்லறை வழியில் கண்ணீர் விட்டார். கெத்செமனேயில் மூன்று நண்பர்களைப் பக்கத்தில் விழித்திருக்கக் கேட்டார். அவர்கள் தூங்கிவிட்டார்கள். நாம் ரொம்ப காலம் செய்ததும் அதுதான்.

துக்கத்தோடும் கோபத்தோடும் சமாதானமாவது என்றால் அவற்றை விரட்டிவிடுவது அல்ல. அவற்றைப் பெயர் சொல்லி அழைத்து, பக்கத்தில் உட்கார வைத்து, கடவுளுக்கு முன்னால் மறைக்காமல் வைப்பது. தேவைப்பட்டால் மருத்துவருக்கு முன்னாலும் வைப்பது. இதற்கு விசுவாசம் குறையத் தேவையில்லை. என் அத்தை அன்று கடவுள் மேல் கோபம் வருகிறது என்று சொன்னது, கடவுள் இருக்கிறார், கேட்கிறார் என்று நம்பியதால்தான். அந்த வருஷம் எங்கள் சபையில் சொல்லப்பட்ட சாட்சிகளிலேயே உண்மையான சாட்சி அது.

இதைப் படிக்கும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உங்கள் சபையிலோ வீட்டிலோ ஒருவர் அழத் தொடங்கினால் வசனம் தேடாதீர்கள், பாட்டைத் தொடங்காதீர்கள். நாற்காலியை நகர்த்திப் பக்கத்தில் போடுங்கள். தூக்கத்தையும் சாப்பாட்டையும் விசாரியுங்கள். சாக வேண்டும் என்று தோணுதா என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். ஆம் என்றால் அவரைத் தனியாக விடாமல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அழுகிறவர் நீங்களே என்றால், நம்பகமான ஒருவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள். யாரும் இல்லை என்று தோன்றினால் அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416க்கு அழையுங்கள். 2022 அக்டோபர் 10 முதல் இரவும் பகலும் இயங்குகிறது, கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம், தெலுங்கிலும் பேசலாம்.